குறித்த வேகமும் நிலைத்த ஓட்டமும்: மேசைக் கணினி நினைவகம் பற்றி ஓர் ஆய்வு

மேசைக் கணினியில் பொருத்தப்படும் ரேம் என்னும் முதன்மை நினைவகத்தின் ஒட்டுச்சீட்டில் 3200, 3600, 6000 என்று ஓர் எண் அச்சிடப்பட்டிருக்கும். அந்த எண்ணைப் பார்த்தே விலை பேசப்படுகிறது. கடைகளில் ‘3200 பஸ் ரேம்’ என்று அந்த எண்ணைச் சொல்லியே கேட்டு வாங்கப்படுகிறது. ஆயினும் வாங்கியவரின் கணினியில் அந்த வேகம் பல நேரங்களில் எட்டப்படுவதில்லை. எட்டப்பட்ட கணினிகளிலும் சில, மாதக்கணக்கில் நன்றாக ஓடியபின், ஒரு பிற்பகலில் காரணம் தெரியாமல் நீலத் திரையில் நின்றுவிடுகின்றன. பொருளில் குறையா, பொருத்தியவரிடம் குறையா, இடத்தில் குறையா என்ற கேள்விக்கு விற்பவரும் வாங்குபவரும் வெவ்வேறு விடை சொல்வதற்குக் காரணம், அந்த எண் யாருடைய வாக்கு என்பதிலேயே தெளிவில்லாமல் இருப்பதுதான். ரேம், செயலி, தாய்ப்பலகை, அவை இயங்கும் அறையின் வெப்பம் ஆகிய நான்கும் ஒருசேர இசைந்தால் மட்டுமே நிறைவேறும் நிபந்தனை அந்த எண்ணுக்குள் இருக்கிறது என்ற கருத்தைத் திருவண்ணாமலையின் நிலைமைகளில் வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

இந்த ஊரைக் களமாகக் கொள்வதற்குக் காரணம் உண்டு. டிடிபி மையங்கள், பிளக்ஸ் அச்சகங்கள், திருமண ஆல்பம் வடிவமைக்கும் ஸ்டூடியோக்கள் போன்ற சிறு தொழில்களில், ஒரு நிறுவனம் முழுதாகச் செய்து பெட்டியில் அடைத்து விற்கும் கணினியைவிட, உதிரிகளை வாங்கி உள்ளூரிலேயே சேர்த்துக் கட்டும் ‘அசெம்பிள்டு’ கணினியே நெடுங்காலமாக வழக்கத்தில் இருக்கிறது. உதிரிகளுக்குப் பெரிய சந்தை என்றால் ஒரு பக்கம் சென்னை ரிச்சி தெரு, மறுபக்கம் பெங்களூரு எஸ்.பி. சாலை, இரண்டும் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவில் இருப்பதால், ஒரு ரேம் ஸ்டிக் ஒத்துவரவில்லை என்றால் அதை மாற்றிவர ஒரு நாள் போய்விடும். கார்த்திகைத் தீபத்துக்கு முந்தைய வாரத்தில் பதாகை, அழைப்பிதழ், அறிவிப்பு வேலைகள் குவிந்துகிடக்கும்போது அந்த ஒரு நாளின் இழப்பு ரேமின் விலையையே தாண்டிவிடக்கூடும். விளையாட்டுக்காக வேகத்தைக் கூட்டிப் பார்க்கும் பெருநகர ஆர்வலருக்காக எழுதப்பட்ட அறிவுரைகள் பிழைப்புக்காகக் கணினி வைத்திருப்பவருக்குப் பாதியே பயன்படுகின்றன.

நினைவகம் வேலை செய்யும் முறையை ஓரளவு அறிந்தால்தான் வேகம் என்பது எங்கே தடைப்படுகிறது என்பது விளங்கும். இன்று கணினிகளில் உள்ள டிராம் வகை நினைவகத்தின் அடிப்படை அணு ஒரு டிரான்சிஸ்டரும் ஒரு மின்தேக்கியும் கொண்டது. ஐபிஎம் நிறுவனத்தின் ராபர்ட் டென்னார்ட் இந்த அமைப்புக்கு 1968-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். 1970-இல் இன்டெல் வெளியிட்ட 1103 என்ற சில்லு 1024 பிட்களைத் தாங்கியது. இன்றைய 16 ஜிபி ரேமில் ஏறத்தாழ 13,744 கோடி பிட்கள் உள்ளன. மின்தேக்கியில் மின்னூட்டம் இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் சுழியம் என்று கொள்ளப்படுகிறது. ஆனால் அந்த மின்னூட்டம் நிலையாக நிற்காமல் கசிந்துகொண்டே இருப்பதால், ஒவ்வொரு வரிசையையும் குறித்த காலத்துக்குள் படித்துத் திரும்ப எழுதவேண்டியிருக்கிறது. புதுப்பித்தல் எனப்படும் இச்செயல் டிடிஆர்4 வகையில் 64 மில்லி வினாடிக்குள் 8192 ஆணைகளாகப் பகிர்ந்து, அதாவது 7.8 மைக்ரோ வினாடிக்கு ஒருமுறை, நடைபெறுகிறது. கணினி ஒரு தகவலைக் கேட்கும்போது முதலில் அது இருக்கும் வரிசை திறக்கப்பட்டு, பிறகு அவ்வரிசைக்குள் உரிய நெடுக்கை தேர்ந்தெடுக்கப்பட்டு, வேலை முடிந்ததும் வரிசை மூடப்படுகிறது. இந்த ஒவ்வொரு படிக்கும் இத்தனை கடிகாரத் துடிப்புகள் காத்திருக்கவேண்டும் என்ற கணக்கே ‘டைமிங்’ என்று குறிக்கப்படும் 16-18-18-38 போன்ற எண்தொடர். முதல் எண்ணான சிஎல், நெடுக்கையைக் கேட்டதற்கும் தகவல் வெளிவரத் தொடங்குவதற்கும் இடையிலான காத்திருப்பு.

இங்கே ஒரு குழப்பத்தை நீக்கிவிடுவது நல்லது. டிடிஆர் வகை நினைவகம் ஒரு கடிகாரத் துடிப்பின் ஏற்றத்தில் ஒருமுறையும் இறக்கத்தில் ஒருமுறையும் தகவலை அனுப்புவதால், 3200 என்று விற்கப்படும் ரேமின் கடிகாரம் உண்மையில் 1600 மெகாஹெர்ட்சில்தான் துடிக்கிறது. 3200 என்பது வினாடிக்கு நடக்கும் பரிமாற்றங்களை மில்லியன் கணக்கில் சொல்வது. விண்டோஸின் டாஸ்க் மேனேஜர் 3200 என்று காட்ட, சிபியு-இசட் என்ற சோதனை நிரல் அதே கணினியில் 1600 என்று காட்டும்போது, பாதி வேக ரேமைத் தலையில் கட்டிவிட்டதாகக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போவதில் பொருளில்லை. துடிப்புக் கணக்கை நேரமாக மாற்றிப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும்: 3200 வேகத்தில் சிஎல் 16 என்பது 10 நானோ வினாடி, அதே வேகத்தில் சிஎல் 22 என்பது 13.75 நானோ வினாடி, டிடிஆர்5 வகையில் 6000 வேகத்தில் சிஎல் 30 என்பது மறுபடியும் அதே 10 நானோ வினாடி. தலைமுறைதோறும் பரிமாற்ற வேகம் ஏறிவந்தாலும், அணுவைத் திறந்து படிக்க ஆகும் நேரம் பெரிதாகக் குறையவில்லை; கூடியிருப்பது ஒரே நேரத்தில் எடுத்துச் செல்லப்படும் அளவு.

வேகத்துக்கான முதல் வாக்கு ஜெடெக் என்ற தர நிர்ணய அமைப்பிலிருந்து வருகிறது. டிடிஆர்4 தரத்தை 2012 செப்டம்பரிலும் டிடிஆர்5 தரத்தை 2020 ஜூலையிலும் வெளியிட்ட இவ்வமைப்பு, டிடிஆர்4 வகைக்கு 1.2 வோல்ட் மின்னழுத்தத்தையும் 3200 என்ற மேல்வரம்பையும் வகுத்தது. ஒவ்வொரு ஸ்டிக்கிலும் எஸ்பிடி என்ற சிறு சில்லு இருக்கிறது. அந்த ஸ்டிக் எந்தெந்த வேகத்தில் எந்தெந்தக் காத்திருப்புடன் ஓடும் என்ற அட்டவணை அதில் எழுதப்பட்டிருக்கும். கணினியை இயக்கியவுடன் தாய்ப்பலகை படிப்பது இந்த அட்டவணையைத்தான். 1.2 வோல்ட்டில், சிஎல் 22-இல், 3200 என்று விற்கப்படும் எளிய பச்சைப் பலகை ரேம் தன் வேகத்தைத் தரத்துக்கு உட்பட்டே தருகிறது. அதே 3200-ஐச் சிஎல் 16-இல், 1.35 வோல்ட்டில் தருவதாகச் சொல்லும் வெப்பத்தகடு போட்ட ரேம் அந்தத் தரத்துக்கு வெளியே நிற்கிறது. ஒட்டுச்சீட்டில் இரண்டுக்கும் ஒரே எண். பயன்பாட்டில் இரண்டும் வெவ்வேறு இனம்.

தரத்துக்கு அப்பாற்பட்ட வேகம் இரண்டாவது வாக்கு. அதைத் தருவது ரேம் தயாரிப்பாளர். அதை எஸ்பிடி சில்லில் எழுதிவைப்பதற்கான முறையை 2007-இல் இன்டெல் எக்ஸ்எம்பி என்ற பெயரிலும், 2022-இல் ஏஎம்டி எக்ஸ்போ என்ற பெயரிலும் வகுத்தன. பயாஸ் என்ற அடிப்படை அமைப்புத் திரையில் ஒரு வரியைத் திருப்பினால் வேகம், காத்திருப்பு, மின்னழுத்தம் மூன்றும் ஒருசேர மாறிவிடுகின்றன. இந்த வசதியை இயக்காமலே ஆண்டுக்கணக்கில் 2133-இலோ 2400-இலோ ஓடும் 3200 ரேம்கள் ஏராளம். வாங்கிய வேகம் கிடைக்கவில்லை என்ற புகார் பெரும்பாலும் இங்கேயே தீர்ந்துவிடும். ஆனால் அந்த வரி ‘ஓவர்கிளாக்கிங்’ என்ற தலைப்பின்கீழ் வருவதைப் பலரும் கவனிப்பதில்லை. வரம்புக்கு மேல் ஓட்டுதல் என்பதே அதன் பொருள். தயாரிப்பாளர் தம் சோதனைச் சாலையில், தாம் தேர்ந்த தாய்ப்பலகைகளில் ஓட்டிப் பார்த்து அந்த எண்ணைத் தருகிறார். வாங்குபவரின் பலகை அவற்றுள் ஒன்றாக இருக்கவேண்டும் என்ற கட்டாயமில்லை.

மூன்றாவது வாக்கு செயலியினுடையது. மூன்றிலும் மிகக் குறைவாகப் பேசப்படுவது இதுதான். நினைவகத்தோடு பேசும் கட்டுப்பாட்டகம் இன்று செயலிக்குள்ளேயே இருப்பதால், செயலியைச் செய்தவர் எந்த வேகம்வரை உறுதி தருகிறார் என்பதே உண்மையான மேல்வரம்பு. சிறு ஊர்களில் பரவலாகப் பொருத்தப்பட்ட ஒரு கூட்டணியை எடுத்துக்கொள்ளலாம்: இன்டெல் ஐ5-10400 செயலி, எச்510 தாய்ப்பலகை, 3200 ரேம். அந்தச் செயலிக்கு இன்டெல் குறித்த வேகம் 2666. எச்510 வகைப் பலகையில் நினைவக வேகத்தை அதற்குமேல் ஏற்றும் வசதி கிடையாது. எனவே, எவ்வளவு உயர்ந்த ரேமைப் பொருத்தினாலும் அங்கே 2666-தான் கிடைக்கும். பயாஸை எத்தனை முறை துழாவினாலும் பயனில்லை. அதே ரேமைப் பி560 பலகையில் பொருத்தினால் 3200 கிடைக்கும், ஏனெனில் 2021-இல் வந்த அந்த வகையில் இன்டெல் இவ்வசதியைத் திறந்துவிட்டது. பன்னிரண்டாம் தலைமுறை ஐ3-12100 செயலியோ டிடிஆர்4-3200-ஐத் தன் இயல்பு வேகமாகவே ஏற்பதால், மலிவான எச்610 பலகையிலும் தர 3200 ரேம் முழு வேகத்தில் ஓடும். ரேம் வாங்குவதற்கு முன் படிக்கவேண்டியது ரேமின் விளம்பரத்தை அன்று. செயலியின் விவரப் பக்கத்தில் நினைவகம் பற்றிய அந்த ஒரு வரியை.

அந்த வரியிலும் ஒரு மறைபொருள் உண்டு. குறிக்கப்படும் வேகம் பெரும்பாலும், செயலியை ரேமோடு இணைக்கும் ஒவ்வொரு தடத்திலும் (சேனல்) ஒரே ஸ்டிக் இருக்கும் நிலைக்கு உரியது. ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசைக்கு 5200 என்ற வேகம் இரண்டு ஸ்டிக்குகளுக்கே பொருந்தும்; நான்கையும் நிரப்பினால் ஏஎம்டி உறுதி தருவது 3600 மட்டும். இன்டெலின் பன்னிரண்டாம் தலைமுறையிலும் 4800 என்பது நான்கு ஸ்டிக் நிலையில் அவற்றின் அமைப்புக்கேற்ப 4000-ஆகவோ 3600-ஆகவோ இறங்குகிறது. காரணம் மின்குறிப்பின் இயற்பியலில் இருக்கிறது. செயலியிலிருந்து செல்லும் தடம் முதலில் ஒரு ஸ்லாட்டைத் தொட்டு அடுத்ததில் முடிவதாகவே பெரும்பாலான பலகைகள் அமைக்கப்பட்டுள்ளன. முடிவிடத்தை வெறுமையாக விட்டு நடு இடத்தில் ஸ்டிக்கைப் பொருத்தினால், ஆயிரங்கால் மண்டபத்தில் கைதட்டியது போல, போன மின்குறிப்பு திறந்த முனையில் மோதித் திரும்பி அடுத்த குறிப்போடு கலந்துவிடும். செயலியிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டுகளில் பொருத்துமாறு தாய்ப்பலகைக் கையேடு சொல்வது இதனால்தான். அசெம்பிள் செய்யப்பட்ட கணினிகளில் அருகருகே உள்ள முதல் இரண்டு ஸ்லாட்டுகளில் இரண்டு ஸ்டிக்குகளும் செருகப்பட்டிருப்பதைக் காண்பது அரிதன்று. அப்போது இரண்டும் ஒரே தடத்தில் அமர்ந்து, இரட்டைத் தடத்தின் பயனும் போய், வேகமும் நிலைகுலைகிறது.

பின்னொரு நாளில் வாங்கிச் சேர்க்கும் இரண்டாவது ஸ்டிக் இன்னொரு தொல்லை. அதே நிறுவனம், அதே மாதிரி எண், அதே அட்டைப்பெட்டி என்று பார்த்துப் பார்த்து வாங்கிவந்தாலும், உள்ளே இருக்கும் சில்லுகள் முதலாவதில் சாம்சங்காகவும் இரண்டாவதில் மைக்ரானாகவும் இருக்கக்கூடும். சில்லு வாங்கும் இடத்தை மாற்றிக்கொள்ள ரேம் நிறுவனங்களுக்குத் தடையில்லை. இரண்டும் தனித்தனியே 3600-இல் பழுதின்றி ஓடி, சேர்ந்தால் தடுமாறுவது இந்த நிலையில் வியப்புக்குரியதன்று. எக்ஸ்எம்பி வேகத்தில் ஓட்டும் எண்ணம் இருந்தால் இரண்டையும் ஒரே பெட்டியில் இணையாக விற்கப்படும் ‘கிட்’ ஆக வாங்குவதே முறை. தர வேகத்தில் மட்டும் ஓட்டுவதாக இருந்தால் இந்தக் கட்டுப்பாடு பெரும்பாலும் தளர்கிறது.

கணினி ஒவ்வொரு முறை உயிர்பெறும்போதும் கட்டுப்பாட்டகம் தடங்களின் தாமதத்தை அளந்து, எந்த நொடிக்கூறில் படித்தால் தகவல் தெளிவாகக் கிடைக்கும் என்பதைத் தேடிக் கண்டுகொள்கிறது. பயிற்சி எனப்படும் இந்தத் தேடல் டிடிஆர்5 வகையில், முதல்முறை இயக்கும்போது, சில நிமிடங்கள்வரை நீளும். அதுவரை திரை கறுப்பாகவே இருக்கும். ரேம் செத்துவிட்டது என்று எண்ணி இடையில் மின்சாரத்தை அணைத்தால் பயிற்சி முதலிலிருந்து தொடங்கும்.

மின்னழுத்தத்தைக் கூட்டினால் நிலைத்தன்மை வரும் என்பது பாதி உண்மை. ரேமின் மின்னழுத்தத்தை மட்டுமன்றி, செயலிக்குள் இருக்கும் கட்டுப்பாட்டகத்தின் மின்னழுத்தத்தையும் பல தாய்ப்பலகைகள் எக்ஸ்எம்பியை இயக்கியவுடன் தாமாகவே உயர்த்திவிடுகின்றன. 2023 ஏப்ரலில் ரைசன் 7000 எக்ஸ்3டி செயலிகள் சில பொசுங்கிப் போன செய்திகள் வந்தபோது, எக்ஸ்போ நிலையில் சில பலகைகள் தந்த மிகையான கட்டுப்பாட்டக (எஸ்ஓசி) மின்னழுத்தம் காரணமாகச் சுட்டப்பட்டு, அதை 1.3 வோல்ட்டுக்குமேல் போகவிடாதபடி ஏஎம்டி பயாஸ் திருத்தம் வெளியிட்டது. பயாஸைப் புதுப்பிக்காமல் எக்ஸ்போவை இயக்குவது தவறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. மற்றபடி, சுவரில் வரும் 230 வோல்ட் ஏறி இறங்குவதால் ரேம் தடுமாறுகிறது என்று பொதுவாகச் சொல்லப்படுவது அவ்வளவாக ஏற்கத்தக்கதன்று; கணினியின் மின்வழங்கியான எஸ்எம்பிஎஸ் அதை 12 வோல்ட் முதலிய நேர்மின் அளவுகளாகவும், தாய்ப்பலகை அதிலிருந்து 1.2 வோல்ட்டாகவும் படிப்படியாகச் சீர்செய்தே தருகின்றன. டிடிஆர்5-இல் அந்தக் கடைசிச் சீராக்கி ஸ்டிக்கின் மேலேயே இடம்பெற்றுவிட்டது. மலிவான எஸ்எம்பிஎஸ் தரும் நடுங்கும் மின்சாரம் உண்மையான ஐயத்துக்குரியது. யுபிஎஸ் அதைக் குணப்படுத்தாது.

மின்சாரத்தோடு தொடர்புடைய இன்னொரு செய்தி அதிகம் கவனிக்கப்படாமல் இருக்கிறது. கடையைச் சாத்தும்போது மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டுப் போவது ஊர்ப்புறத்தில் நல்ல பழக்கமாகவே கருதப்படுகிறது. அந்த இரவு முழுவதும் தாய்ப்பலகையின் கடிகாரத்தை ஓட்டுவது காசு வடிவில் உள்ள சிறு மின்கலம் ஒன்றே. எந்நேரமும் மின்சாரம் கிடைக்கும் கணினியில் இருப்பதைவிட அது இங்கே விரைவில் தீர்ந்துபோகிறது. தீர்ந்தபின் தேதி பின்னோக்கிப் போவதோடு, பல பலகைகளில் எக்ஸ்எம்பி அமைப்பும் அழிந்து ரேம் தர வேகத்துக்குத் திரும்பிவிடும். கணினி திடீரென்று மந்தமாகிவிட்டது என்ற புகாருக்குச் சில வேளைகளில் இந்தச் சிறு மின்கலமே விடை.

வெப்பத்துக்கு வருவோம், இக்கேள்வியில் ஊருக்கு உள்ள பங்கு மிகத் தெளிவாகத் தெரிவது இங்கேதான். மின்தேக்கியின் கசிவு வெப்பம் ஏற ஏற விரைவாகப் பெருகுவது. அதனால்தான் சில்லின் வெப்பம் 85 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் புதுப்பித்தலை இருமடங்கு அடிக்கடி, அதாவது டிடிஆர்4 வகையில் 3.9 மைக்ரோ வினாடிக்கு ஒருமுறை, செய்யவேண்டும் என்று தரம் விதிக்கிறது. இதிலிருந்து பெறப்படும் செய்தி இரண்டு பக்கமும் வெட்டும். தர வேகத்தில், தர மின்னழுத்தத்தில் ஓடும் ரேமுக்கு 85 டிகிரிவரை தாங்கும் இடம் தயாரிப்பிலேயே வைக்கப்பட்டிருக்கிறது. 40 டிகிரி வெயில் அதை அசைப்பதில்லை. எக்ஸ்எம்பி வேகமோ அந்த இடத்திலிருந்தே ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு கிடைப்பது. கூடுதல் மின்னழுத்தத்தால் ஸ்டிக் தானும் சூடேறுகிறது. புதுப்பித்தல் இடைவெளியைக் கையால் நீட்டிவைக்கும் ஆர்வலர்களுக்கு 50, 60 டிகிரியிலேயே பிழைகள் தலைகாட்டத் தொடங்குவது அவர்களுடைய பொது அனுபவம்.

திருவண்ணாமலையில் மே 4-ஐ ஒட்டித் தொடங்கி அம்மாத இறுதிவரை நீளும் கத்திரி வெயிலில் பகல் வெப்பம் 40 டிகிரியைத் தொடுவது வழக்கமான ஒன்று. தகரத்தையோ ஆஸ்பெஸ்டாஸையோ கூரையாகக் கொண்ட கடையில், மூடிய மேசை அறைக்குள் செருகப்பட்ட கேபினட்டினுள் நுழையும் காற்றே அந்த அளவைத் தாண்டியிருக்கும். கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் அது கக்கும் சூடான காற்று நேரே மேலெழுந்து ரேமின் மேல் படுகிறது. கார்த்திகை மாத மழையிரவில் 25 டிகிரி அறையில் சோதித்து ‘பாஸ்’ வாங்கிய கணினிக்கும், வைகாசி நண்பகலில் ஆல்பத்தின் ஐம்பது பக்கங்களை ஒன்றாகச் சேமிக்கும் அதே கணினிக்கும் இடையில் 15 டிகிரி வேறுபாடு இருக்கிறது. முதல் சோதனை இரண்டாவது நிலையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. ஆகவே இவ்வூரில் எக்ஸ்எம்பியின் நிலைத்தன்மையைச் சோதிக்கத் தகுந்த காலம் கோடையின் பிற்பகல். மழைக்காலத்தில் அசெம்பிள் செய்ய நேர்ந்தால், கேபினட்டை மூடி, கிராஃபிக்ஸ் கார்டுக்கும் வேலை கொடுத்துச் சூடேற்றியே சோதிக்கவேண்டும்.

இந்த இடத்தில் எதிர்ச்சான்று ஒன்றையும் எடுத்துப் பேசியாகவேண்டும். கூகுள் நிறுவனத்தின் வழங்கிகளில் இரண்டரை ஆண்டுகள் திரட்டிய தரவைக் கொண்டு பியாங்கா ஷ்ரோடரும் அவருடன் பணியாற்றியவர்களும் 2009-இல் வெளியிட்ட ஆய்வு, ஆண்டுக்கு ஏறத்தாழ 8 விழுக்காடு ரேம்களில் பிழை தோன்றுவதைக் காட்டியதோடு, பிற காரணங்களைக் கழித்துவிட்டால் வெப்பத்தின் பங்கு எதிர்பார்த்ததைவிட மிகச் சிறியது என்றும் கண்டது. கோடை பற்றிய மேற்கண்ட வாதத்தை இது மறுப்பதுபோல் தோன்றலாம். ஆனால் அந்த வழங்கிகள் தர வேகத்தில், கட்டுப்படுத்தப்பட்ட சூழலில் ஓடியவை. தாங்கும் இடம் அவற்றில் முழுமையாக இருந்தது. வெப்பம் அந்த மிச்ச இடத்தைத்தான் தின்கிறது. மிச்சத்தை முன்கூட்டியே வேகமாக மாற்றிச் செலவிட்டுவிட்ட கணினிக்கு அந்த முடிவைப் பொருத்துவது சரியாகாது. மேசைக் கணினிக்கு நெருக்கமான சான்று மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்டது. ஏறத்தாழ பத்து இலட்சம் தனிநபர் கணினிகளின் பழுதுப் பதிவுகளை ஆராய்ந்த அவர்கள், வரம்புக்கு மேல் ஓட்டப்பட்ட கணினிகள் அதிகம் பழுதாவதையும், ஒருமுறை பழுதான கணினி மறுபடி பழுதாகும் வாய்ப்பு பல மடங்கு உயர்வதையும் காட்டினர். ஒரே ஒரு நீலத் திரைதானே என்று ஒதுக்குவது ஏன் தவறு என்பதற்கு இரண்டாவது முடிவே போதும்.

நீலத் திரை உண்மையில் நல்ல அறிகுறி. அது தன்னை அறிவித்துக்கொள்கிறது. அறிவிக்காமல் நிகழ்வதே கேடு. சுருக்கப்பட்ட கோப்பைப் பிரிக்கும்போது ‘சிஆர்சி பிழை’ என்று ஒருமுறையும், அதே கோப்பை மறுமுறை பிரிக்கும்போது பிழையின்றியும் வந்தால், வட்டைவிட ரேமையே முதலில் ஐயுறவேண்டும். ஜேபெக் படத்தைச் சேமிக்கும் நேரத்தில் ஒரு பிட் புரண்டால், மணமக்கள் முகம்வரை சரியாக இருந்து, அதற்குக் கீழே படம் சாம்பல் பட்டையாகவோ நிறம் பெயர்ந்தோ போய்விடும். அது வட்டில் அப்படியே எழுதப்பட்டு, மூலப்படம் மெமரி கார்டிலிருந்து அழிக்கப்பட்டபின் தெரியவந்தால் மீட்க வழியில்லை. இத்தகைய பிழையைக் கண்டு திருத்தும் ஈசிசி நினைவகம் வழங்கிகளுக்கே பெரிதும் உரியதாக ஒதுக்கப்பட்டுவிட்டதை லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2021 ஜனவரியில் கடுமையாகக் கண்டித்தார். அந்தக் கண்டனத்தில் நியாயம் இருக்கிறது. டிடிஆர்5 சில்லுக்குள் ஈசிசி இருக்கிறதே என்று விற்பனையாளர் சொல்லலாம். அது சில்லுக்குள் உறங்கும் பிட்டைக் காக்கிறது. சில்லிலிருந்து செயலிக்குப் போகும் வழியில் நிகழும் பிழையை அது காண்பதில்லை. மிகை வேகத்தில் பிழைகள் பெரிதும் நிகழும் இடம் அந்த வழிதான்.

சோதனைக் கருவிகளுள் மூத்தது கிறிஸ் பிராடி 1994-இல் எழுதிய மெம்டெஸ்ட்86. அதன் வழித்தோன்றலான மெம்டெஸ்ட்86+ இலவசமாகக் கிடைக்கிறது. விண்டோஸ் இல்லாமல் பென்டிரைவிலிருந்தே இயங்குவதால், ஸ்டிக்கே பழுதா என்பதை அறிய இதைவிடச் சிறந்த வழியில்லை. ஆனால் இது ஓடும்போது கிராஃபிக்ஸ் கார்டு உறங்குகிறது, கேபினட் குளிர்ந்திருக்கிறது. ஆகவே இதில் தேறிய அமைப்பு வேலைநேரச் சூட்டில் தவறக்கூடும். விண்டோஸுக்குள் ஓடும் டெஸ்ட்மெம்5 போன்ற நிரல்களும், ஜார்ஜ் வோல்ட்மேன் 1996-இல் மெர்சென் பகா எண்களைத் தேடத் தொடங்கிய முயற்சியிலிருந்து வந்த பிரைம்95-உம் இக்குறையை நிரப்புகின்றன. பிரைம்95 தான் போடும் கணக்கைத் தானே சரிபார்ப்பதால் ஒரு பிட் தவறினாலும் அந்த இழையை நிறுத்திச் சொல்லிவிடும். அதன் பெரிய எஃப்எஃப்டி சோதனை ரேமோடு கட்டுப்பாட்டகத்தையும் சேர்த்து அழுத்துகிறது. ஒரு பிழைகூட ஏற்கத்தக்கதன்று. ஆயிரம் சுற்றில் ஒன்றுதானே என்ற பேரம் இங்கே செல்லாது. பிழை தோன்றினால் மின்னழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போவதைவிட, 3600-ஐ 3200-ஆகவோ, 6000-ஐ 5600-ஆகவோ ஒரு படி இறக்கிவிட்டு மறுபடி சோதிப்பதே அறிவுடைமை. அதற்கு முன் ஸ்டிக்கைக் கழற்றி மறுபடி செருகிப் பார்ப்பதும் வேண்டும். அழிப்பான் கொண்டு தங்கப் பற்களைத் தேய்க்கும் நம் மெக்கானிக்குகளின் கைவைத்தியம் பலிப்பது பெரும்பாலும் கழற்றி மாட்டியதாலேயே. சொரசொரப்பான அழிப்பான் அந்த மெல்லிய தங்கப் பூச்சைத் தேய்த்தெடுக்கும் என்பதால், ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த துணி அதைவிடப் பாதுகாப்பானது.

இவ்வளவு பாடுபட்டுப் பெறும் வேகத்தின் பயனையும் எடைபோடவேண்டும். பேஜ்மேக்கரில் தமிழ்ப் பத்தி அமைக்கும் டிடிபி மையத்துக்கும், டேலியில் கணக்கெழுதும் கடைக்கும் 2666-க்கும் 3600-க்கும் உள்ள வேறுபாடு கண்ணில் படாது. செயலிக்குள்ளேயே கிராஃபிக்ஸ் கொண்ட ரைசன் 5600ஜி போன்றவற்றில் படமும் காணொளியும் கையாளும்போது வேறுபாடு நன்றாகத் தெரியும். ஆனால் அங்கேயும் பெரிய ஆதாயம் எக்ஸ்எம்பியிலிருந்து வருவதில்லை. ஒற்றை 16 ஜிபி ஸ்டிக் போட்டு 3200-இல் ஓட்டினால் வினாடிக்கு 25.6 ஜிபி அலைவரிசை கிடைக்கிறது. அதையே இரண்டு 8 ஜிபியாகப் பிரித்து உரிய ஸ்லாட்டுகளில் பொருத்தினால், அதே தர வேகத்தில், எந்த ஆபத்தும் இன்றி, 51.2 ஜிபி கிடைக்கிறது. 3200-இலிருந்து 3600-க்கு ஏறுவதால் கிடைப்பது எட்டில் ஒரு பங்கே. பிழைப்புக்கான கணினிக்கு இரண்டு ஸ்டிக், தர வேகம், 1.2 வோல்ட் என்பதே முதல் தேர்வாக இருக்கவேண்டும் என்று இக்கட்டுரை கருதுவதற்கு இக்கணக்கே அடிப்படை.

செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களின் தேவையால் 2025-இன் பிற்பகுதியில் நினைவக விலை உலகெங்கும் ஏறியதும், க்ரூஷியல் என்ற பெயரில் நுகர்வோருக்கு விற்றுவந்த ரேம் வணிகத்திலிருந்து விலகுவதாக மைக்ரான் அந்த டிசம்பரில் அறிவித்ததும் இக்கேள்வியை இன்னும் கூர்மையாக்கியுள்ளன. புதிய கிட் வாங்க இயலாதவர் பழைய கணினியிலிருந்து கழற்றிய ஸ்டிக்கை வேறொன்றோடு சேர்த்து ஓட்டவே முனைவார். அவ்வாறு சேர்க்கும்போது இரண்டும் ஏற்கும் மிகக் குறைந்த தர வேகத்தில் ஓட்டுவதும், எக்ஸ்எம்பியைத் தொடாமல் விடுவதும்தான் நிலைத்த ஓட்டத்துக்கு வழி.

உத்தரவாதம் பற்றிய சிக்கல் எஞ்சுகிறது. ஒட்டுச்சீட்டில் 3600 என்று எழுதி விற்பவர் அந்த வேகத்தில் ஓடாத ஸ்டிக்கை மாற்றித் தரக் கடமைப்பட்டவரா என்றால், அவர் தம் சோதனைப் பலகையில் ஓட்டிக் காட்டிவிட்டுப் பழுது இல்லை என்று திருப்பி அனுப்ப இடமிருக்கிறது. செயலி நிறுவனங்களோ குறித்த வரம்பைத் தாண்டிய நினைவக வேகம் தம் உத்தரவாதத்தைப் பாதிக்கக்கூடும் என்று எழுதிவைத்திருக்கின்றன. எக்ஸ்எம்பிக்கும் எக்ஸ்போவுக்கும் இதில் விலக்கு இல்லை. ஆகையால் ரிச்சி தெருவுக்குப் பேருந்து ஏறுமுன், ஒவ்வொரு ஸ்டிக்கையும் தனியாக, ஒரே ஸ்லாட்டில், எக்ஸ்எம்பியை அணைத்துவிட்டு மெம்டெஸ்ட்86-இல் ஓட்டி, திரையைப் படமெடுத்துக்கொள்வது பயன் தரும். தர வேகத்திலேயே பிழையைக் காட்டும் சிவப்பு வரி விழுந்த ஸ்டிக்கைப் பற்றிக் கடையில் வாதாட எதுவும் இல்லை. தர வேகத்தில் தேறி எக்ஸ்எம்பியில் மட்டும் தவறியதென்றால், அதே பலகையில் வேறொரு கிட்டை ஓட்டிப் பார்த்த படத்தையும் உடன் கொண்டுசெல்லவேண்டியிருக்கும்.